நயா பைசா வரைபடமா, தூர்தர்ஷன் கண்ணா?

அண்ணன் மகள் விஸ்காம் படிக்கிறாள். பழைய கிராஃபிக் டிசைன் ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரு செமஸ்டர் முழுக்க அதையே அலச வேண்டுமாம். "சித்தப்பா, ஸ்டாம்ப் எடுக்கட்டுமா, டிவி லோகோ எடுக்கட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள தலைப்பு கொடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க" என்று போனில் அவசரப்பட்டாள். சீக்கிரம் சொல்கிற விஷயமா இது? மாம்பலத்துக்குக் கிளம்பி வா என்றேன்.

தபால் தலையில் எது உசத்தி என்று கேட்டால் காந்தியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த நான்கு தலைகள். சுவிட்சர்லாந்தில் அச்சானவை, இந்தியிலும் உருதுவிலும் 'பாபு' என்று போட்டிருக்கும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரு நல்ல முகத்தின் அழகு. டிசைன் என்று பார்த்தால் நான் முன்னால் எடுத்து வைப்பது 1957 ஏப்ரல் 1 அன்று வந்த வரைபடத் தொடர்.

இந்தியாவின் வரைபடம், ஒரு விலை எண், கொஞ்சம் எழுத்து. அவ்வளவுதான். எல்லா விலைக்கும் ஒரே படம், நிறம் மட்டும் மாறும். 6 சாம்பல், 10 பச்சை, 13 சிவப்பு, 50 ஆரஞ்சு. அன்றைக்குத்தான் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டவர்களிடம், இனி நூறு பைசா ஒரு ரூபாய் என்றால் சும்மாவா? 13 என்கிற அந்த விசித்திர எண்ணே அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை பைசா வரும். அரைப் பைசாவுக்கு எங்கே போவது? இப்படிப்பட்ட நாளில் தபால் தலையில் கோபுரமும் சிற்பமும் போட்டால் எவன் விலையைப் பார்ப்பான்? எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைச் சொல்லிக் கேட்கலாம். வேலை தெரிந்தவர் செய்த வேலை.

என்னிடம் இருக்கும் 13 பைசாத் தலையை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினேன். வெறுங்கண்ணுக்குப் பட்டுப் போல ஒரே சீராகத் தெரிகிற சிவப்பு, லென்ஸில் வலை வலையாகப் பிரிந்துவிடும். நாசிக் அச்சகத்தில் போட்டோகிராவ்யூர் முறையில் அச்சடித்ததன் அடையாளம் அது. கோடு என்று நாம் நினைப்பது கோடே இல்லை, அச்சு உருளையின் நுண்ணிய குழிகளில் தேங்கிய மை காகிதத்தில் விட்டுப்போன புள்ளிகளின் வரிசை. அதற்கு மேல் மயிலாப்பூர் முத்திரை, ஊர்ப் பெயரின் முதல் பாதி மட்டும். அடித்த மகராசன் சரியாகத் தென்கோடியில் குத்தியிருக்கிறார். மதராஸுக்குக் கீழே மொத்தமும் கறுப்பு. எனக்கு அந்தக் கறுப்போடு இருப்பதுதான் பிடிக்கும். தபாலில் போகாத தலை கல்யாணத்துக்குக் கட்டாத பட்டுப்புடவை மாதிரி.

சரி, லோகோவுக்கு வருவோம். லோகோ என்றால் எனக்கு ஒன்றுதான்: தூர்தர்ஷன் கண். நடுவில் ஒரு வட்டம், அதை அணைத்த மாதிரி இரண்டு வளைவுகள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தபோது இது திரைக்கு வந்தது. (இதுவும் ஏப்ரல் 1. அரசாங்கத்துக்கு அந்தத் தேதி மேல் என்ன ஆசையோ.) படத்தின் நகல்களைக் கேமராவுக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படம்பிடித்து அசைய வைத்தவர் இன்னொரு மாணவர், ஆர்.எல். மிஸ்திரி. இசை பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும். நாட்டில் எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில் வீட்டுக் கூடத்துக்குள் ஒரு கண் சுழன்று சுழன்று வந்து நின்றது என்பதை இப்போது நினைத்தால் லேசாக உதறுகிறது. அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

மதராஸ் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டாலும் எங்கள் தெருவுக்கு டிவி வர ஒரு மாமாங்கம் ஆயிற்று. எதிர் வீட்டில் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர். மொட்டை மாடி ஆன்டெனாவில் காக்கா உட்கார்ந்து திருப்பிவிட்டால் போச்சு, செய்தி வாசிப்பவர் முகமே தெரியாது. ஒரே எறும்புக் கூட்டம். ஆனால் அந்த எறும்புகளுக்கு நடுவிலும் கண் தெரியும். மெல்லிய கோடு ஒன்றுகூட அதில் இல்லை என்பதுதான் ரகசியம். தடித்த வளைவுகள், நிறம் தேவையில்லை, எழுத்து தேவையில்லை. அடியில் இருந்த 'சத்யம் சிவம் சுந்தரம்' எங்கள் தெருவில் யாருக்கும் படிக்க வராது, படிக்காததால் ஒன்றும் குறையவில்லை.

இங்கேதான் தபால் தலை தோற்கிறது. நாட்டின் பெயர் இரண்டு மொழியில், விலை, பல நேரம் யார் எவர் என்ற விவரமும். இத்தனைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு டிசைனருக்கு மிச்சம் இருப்பது கட்டைவிரல் நகம் அளவு. 1960-ல் வந்த வள்ளுவர் தலையைக் காட்டினேன். எழுத்தாணியும் ஓலையுமாக உட்கார்ந்திருக்கிறார். நாலடி தள்ளிப் போனால் வள்ளுவரா வாத்தியாரா என்று சொல்ல முடியாது. கண் பத்தடிக்கு அப்பாலும் கண்தான்.

ஆனால் கண்ணின் மேல் ஒரு வரலாறும் தங்காது. தபால் தலையில் தங்கும். ஐந்து பைசாவுக்கு ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை இருந்தது. 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்தபோது, கடிதங்களுக்குக் கூடுதலாக ஐந்து பைசா ஒட்டச் சொன்னார்கள். புதுத் தலை அச்சடிக்க நேரமில்லை. இருந்த தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அடித்துவிட்டார்கள். சில ஊர்களில் ரப்பர் ஸ்டாம்பால் குத்தியே சமாளித்தார்களாம். சின்னக் குடும்பத்தின் நெற்றியில் அகதிகள்! எந்த டிசைனரும் யோசித்து வரைய முடியாத தலை அது.

வண்ணம் வந்த பிறகு இரண்டுமே சறுக்கின. தபால் தலையில் போட்டோவும் பளபளப்பும் ஏறின. டிவியில் 1993-க்குப் பிறகு சேனல்கள் வரிசை கட்டின. லோகோக்கள் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மினுக்கிக்கொண்டு சுழன்றன. அதையும் ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை.

தேடிப் போவது என்று பார்த்தால் போட்டியே கிடையாது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்போருக்கென்றே பிரிவு இருக்கிறது. பழசுக்கு வியாபாரிகள் இருக்கிறார்கள். வரைபடத் தொடரின் சில்லறை விலைகளை டீக்காசுக்கு வாங்கலாம். கண்ணுக்கு எங்கே போவாய்? சிவானந்தா சாலையில் நிலையத்து வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நெட்டில் கிடைப்பதெல்லாம் புதிதாகத் துடைத்து வரைந்தது. எறும்பு இல்லாத கண்.

"அப்ப எதுதான் பெஸ்ட், சித்தப்பா?"

ஒரே ஒரு டிசைன் என்றால் கண். ஒரு செமஸ்டர் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் தபால் தலை. இப்படிச் சொன்னதும் வழவழா என்று முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அந்த 13 பைசாவை இடுக்கியால் எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இதுக்குள்ள நட்சத்திரம் மாதிரி ஏதோ தெரியுதே?"

நீர்க்குறி. காகிதம் செய்யும்போதே அதற்குள் பதிக்கிற அடையாளம். 1957-ல் அந்தக் காகிதத்துக்குள் நட்சத்திரம்தான். அடுத்த வருஷத்திலிருந்து அசோகத் தூண் வர ஆரம்பித்தது. இதே தலை, இதே சிவப்பு, உள்ளே மட்டும் வேறு. சொல்லி முடிப்பதற்குள் ஆல்பத்தில் இருந்த மற்ற தலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.