ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஹாஸ்டல் ஹாஸ்டலாக நடந்த அனுபவம்

ஹைலாண்ட்ஸில் நடைப்பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டல் எப்படி என்று யாராவது கேட்டால், கட்டிலைப் பற்றியோ வைஃபையைப் பற்றியோ நான் பேச ஆரம்பிப்பதில்லை. அங்கே துணி காயுமா, காயாதா என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியில் பையை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடப்பவருக்கு மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பல வருடங்களாக, ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவே எப்போது விடுமுறை கிடைத்தாலும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். வெஸ்ட் ஹைலாண்ட் வே என்ற நெடுந்தூர நடைப்பாதையை ஒரே மூச்சிலும் நடந்திருக்கிறேன், பிடித்த பகுதிகளை மட்டும் துண்டு துண்டாகவும் நடந்திருக்கிறேன். இரவுகளில் பெரும்பாலும் ஹாஸ்டல், சில சமயம் பாத்தி என்று சொல்லும் ஆளில்லாத பழைய கல் வீடு.

தெரியாதவர்களுக்குப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவுக்கு வடக்கே மல்கை என்ற ஊரில் தொடங்கி, லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையோடு வடக்கே போய், ரன்னாக் மூர் என்ற பெரிய சதுப்பு வெளியின் ஓரத்தைக் கடந்து, பென் நெவிஸ் மலையடியில் ஃபோர்ட் வில்லியமில் முடிகிறது. மொத்தம் 154 கிலோமீட்டர். 1980-இல் திறந்தார்கள். ஸ்காட்லாந்தின் முதல் அதிகாரபூர்வ நெடுந்தூர நடைப்பாதை இதுதான். ஆறிலிருந்து எட்டு நாளுக்குள் பலரும் முடித்துவிடுகிறார்கள். உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பாதையிலேயே உயரமான இடமான டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் சுமார் 550 மீட்டர்தான், ஊட்டி இருக்கும் உயரத்தில் கால்வாசி. சோதிப்பது மழை. ஃபோர்ட் வில்லியமில் வருடத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைவிட அதிகம். அதுவும் ஒரு மாதம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. எந்த மாதத்திலும் வரும், பக்கவாட்டில் அடிக்கும், நாள் முழுக்க விடாமல் தூறும்.

அதனால்தான் துணி காயவைக்கும் டிரையிங் ரூம் என்ற அந்தச் சின்ன அறைக்கு இவ்வளவு மதிப்பு. பெரும்பாலும் நுழைவாயிலை ஒட்டியே இருக்கும். சுவரோரம் ஹீட்டர், மேலே கம்பிகள், கீழே ஷூ வைக்கச் சாய்வுத் தட்டுகள். இந்த அறைக்கு வெறும் சூடு மட்டும் போதாது என்பதை நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன். ஈரம் வெளியே போக வழி வேண்டும். வழியில்லாத அறையில் இருபது பேருடைய நனைந்த ஜாக்கெட்டிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே சுற்றிச் சுற்றி மறுபடியும் துணி மேலேயே உட்காரும். ஆகவே உள்ளே போனதும் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கதவைத் திறந்த உடனே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டால், அந்த அறையில் காலைக்குள் எதுவும் காயாது. அப்படிப்பட்ட இடத்தில் காலுறைகளையும் உள்சட்டையையும் டவலுக்குள் சுருட்டி முறுக்கிப் பிழிந்து, படுக்கையறையில் என் கட்டில் விளிம்பிலேயே போட்டுவிடுவேன்.

ஷூவுக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன், இதுவரை கைவிட்டதில்லை. கயிற்றை முழுசாகத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, உள்ளே இருக்கும் அடித்தகட்டை எடுத்துத் தனியாக நிறுத்த வேண்டும். செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரைக்கும் திணிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் தாள் சொதசொதவென்று இருக்கும். அதை உருவிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் வைக்க வேண்டும். நல்ல ஹாஸ்டல்களில் பழைய நாளிதழ்களை அறை மூலையில் அடுக்கியே வைத்திருப்பார்கள். ஷூவை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. தோல் விறைத்துப்போகும், அடிப்பாகத்தின் பசை விட்டுக்கொள்ளும். அப்புறம், நாலு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் கம்பியில் நல்ல இடம் கிடைக்கும்.

ஒரு தனியார் விடுதியில் இந்த ஹீட்டர் டைமரில் ஓடியது. மாலை இரண்டு மணி நேரம் எரிந்துவிட்டு அணைந்துவிடும். எட்டு மணிக்கு நனைந்து வந்து சேர்ந்தவர்கள் ஐந்தாறு பேர். கொஞ்ச நேரம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டோம், முடியாது என்றார்கள். மறுநாள் ஈர ஷூவோடு இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்ததில் என் இரண்டு குதிகாலும் கொப்புளம் கட்டிவிட்டது. மலைப்பாதை ஓரத்தில் விடுதி நடத்துகிறவர்கள் மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டிய இடம் இது கிடையவே கிடையாது. இப்போதெல்லாம் பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுகிறேன்: டிரையிங் ரூம் இரவு முழுக்க ஓடுமா?

பாதையில் கடினமான நாள் எது என்றால் ரோவார்டெனனிலிருந்து இன்வெரார்னன் வரையிலான 22 கிலோமீட்டர். வரைபடத்தில் ஏரிக்கரையோடு போகும் சமதளம் மாதிரி தெரியும். உண்மையில் ஓக் மர வேர்களும் ஈரப்பாறைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். சில இடங்களில் கையை ஊன்றித்தான் இறங்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் தாண்டினாலே பெரிது. அதற்கு முந்தைய இரவுக்கு ரோவார்டெனன் யூத் ஹாஸ்டலைத் தயங்காமல் சொல்வேன். வேட்டைக்கு வந்த பிரபுக்கள் தங்கக் கட்டிய பழைய மாளிகை, தோட்டம் முடியும் இடத்தில் ஏரித்தண்ணீர். பென் லோமண்ட் மலைக்கும் (974 மீட்டர்) பக்கத்திலிருந்தே ஏறலாம். இந்தக் கரையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரம் போடக் கட்டுப்பாடும் அனுமதிச்சீட்டு முறையும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் மற்ற மலைப்பகுதிகளில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு எங்கும் நடக்கலாம், கூடாரமும் போடலாம். இங்கே கூடாரம் போடும் அந்த உரிமை அப்படியே செல்லாது என்பதால், கூடாரத்தோடு வருகிறவர்கள்கூட இந்த ஓர் இரவுக்கு ஹாஸ்டலைப் பிடிக்கிறார்கள்.

அடுத்தது சமையலறை. யூத் ஹாஸ்டல்களில் பாத்திரம், அடுப்பு, தட்டு எல்லாம் இருக்கும். சாமான் மட்டும் நம்முடையது. ஓர் அலமாரியில் முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன ஓட்ஸ், பாஸ்தா, பாதி எண்ணெய் பாட்டில் எல்லாம் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பார்கள். நான் சுமப்பது கால் கிலோ அரிசி, பாசிப்பருப்பு, ஒரு சின்ன டப்பாவில் புளிக்கரைசல் பேஸ்ட், ரசப்பொடி, உப்பு. நனைந்து நடுங்கி வந்த மாலையில் ஒரு டம்ளர் மிளகு ரசம் உள்ளே போனால் உடம்பு வழிக்கு வந்துவிடும். கிரியன்லாரிக்கில் ஒரு தடவை வாசனைக்கு வந்து நின்ற டச்சுத் தம்பதிக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர்கள் என் குதிகாலைப் பார்த்துவிட்டு, டேப்பை எப்படிச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது என்று காட்டிக் கொடுத்தார்கள். விளிம்புகளை வட்டமாக வெட்டிவிட்டு ஒட்டினால் காலுறையில் மாட்டி உரியாது. அந்த உத்தியை இன்றும் பயன்படுத்துகிறேன். சாப்பாட்டு மேஜையில் நாளைய பாதை எப்படி இருக்கிறது, எந்த ஓடை பெருகியிருக்கிறது, எந்தக் கடை மூடியிருக்கிறது என்பதெல்லாம் எதிர்த்திசையில் நடந்து வந்தவர்கள் வாயாலேயே தெரிந்துவிடும். தனி அறை எடுத்து ஹோட்டலில் தங்கினால் இது கிடைக்காது.

படுக்கையறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலிலிருந்து எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், ஒரு விளக்கு, ஒரு பிளக். காதடைப்பான் கட்டாயம் வேண்டும். மறுநாளைக்கான சாமானை இரவே எடுத்து வையுங்கள். விடிகாலை ஐந்தரைக்குப் பிளாஸ்டிக் பைகளைச் சரசரவென்று பிரிப்பவரால் அறையே விழித்துக்கொள்ளும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இரண்டு ஹாஸ்டல்கள். இரண்டும் வெஸ்ட் ஹைலாண்ட் வேயில் இல்லை. முதலாவது லாக் ஒசியன். பொதுச்சாலை எதுவும் அங்கே போவதில்லை. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் ரயிலில் கோரோர் நிலையத்தில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டரில், பிரிட்டனின் பிரதான ரயில் பாதைகளிலேயே உயரமான நிலையம் அது. ஹாஸ்டல் சிறியது. ஏரி முனையில் மரக்கூட்டத்துக்கு நடுவே இருக்கிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் செம்மான் பத்தடி தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருக்கும், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டாவது கிளென் ஆஃப்ரிக் ஹாஸ்டல். பக்கத்துச் சாலைக்குச் சுமார் 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். டிரம்னாட்ராக்கிட்டிலிருந்து மோர்விக் வரை போகும் ஆஃப்ரிக் கின்டெய்ல் வே என்ற 70 கிலோமீட்டர் பாதையில் இருக்கிறது. காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும்தான் மின்சாரம். தூங்கும் பையை நாமே சுமந்துபோக வேண்டும், குப்பையையும் நாமேதான் திரும்ப எடுத்துவர வேண்டும். கோடை மாதங்களில் மட்டும் திறப்பார்கள், தேதியை உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள். இங்கே இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, சின்ன வயதிலிருந்தே இந்த மலைகளில் நடக்கும் ஓர் அம்மா பழைய கதை சொன்னார். அப்போதெல்லாம் தங்குகிறவர்கள் காலையில் தரை பெருக்குவது, நிலக்கரி எடுத்து வருவது என்று ஒரு வேலை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியுமாம். காரில் வருகிறவர்களுக்கு இடமே கிடையாதாம். 1931-இல் ஆரம்பித்த ஸ்காட்லாந்தின் யூத் ஹாஸ்டல் அமைப்பு, காசில்லாத நகரத் தொழிலாளிகளும் மலையைப் பார்க்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. அதில் பல ஹாஸ்டல்கள் மூடப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பவை நிலைக்க வேண்டும் என்பதால்தான் பக்கத்தில் மலிவாக வேறு இடம் கிடைத்தாலும் நான் இவற்றில் பதிவு செய்கிறேன்.

பாத்தி பற்றி ஒரு வார்த்தை. ஆள் இல்லாமல் போன பழைய கல் வீடுகள். 1965-இல் தொடங்கிய மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் தொண்டர்கள் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறார்கள். இலவசம், பூட்டு இல்லை. தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிப்பறை எதுவும் இருக்காது. ஒரு மண்வெட்டி இருக்கும், அது எதற்கு என்பது புரிந்திருக்கும். பாயும் தூங்கும் பையும் சுமக்கத் தயாராக இருந்தால் லாக் லோமண்ட் கரையிலேயே ரோகாய்ஷ், டூன் பையர் என்று இரண்டு இருக்கின்றன. துணி காய இடம் கிடையாது. அதனால் வறண்ட வானிலைக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்கிறேன்.

சாமான் விஷயத்தில் வருடங்கள் போகப்போக எடை குறைந்துகொண்டே வந்தது. ஹாஸ்டலை நம்பி நடப்பதால் 38 லிட்டர் பை போதும், தண்ணீர் சாப்பாடு சேர்த்து எட்டு கிலோவுக்குள் அடங்கும். பைக்கு மேல் மாட்டும் மழை உறை ரன்னாக் மூர் காற்றில் நிற்காது. உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு அதற்குள் எல்லாவற்றையும் வைத்தால் ஒரு சொட்டு இறங்காது. கனமான தோல் பூட்ஸை விட்டுவிட்டு லேசான டிரெய்ல் ஷூவுக்கு மாறியதுதான் பெரிய லாபம். தோல் பூட்ஸ் ஒரு தடவை உள்ளே நனைந்தால் இரண்டு நாள் ஈரம் போகாது. டிரெய்ல் ஷூ சுமாரான டிரையிங் ரூமில்கூட ஒரே இரவில் காய்ந்துவிடும். மெரினோ கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தூங்கும்போது மட்டும் போடுங்கள்.

மிட்ஜ் என்ற பூச்சியைப் பற்றி எச்சரிக்காமல் விடக்கூடாது. கடுகைவிடச் சிறியது, கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் வெளியே நிற்கவே விடாது. மணிக்கு 11, 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும். அதனால் நின்று இளைப்பாறுவதாக இருந்தால் காற்றடிக்கும் மேட்டில் நில்லுங்கள், தலையை மூடும் வலை ஒன்று பையில் இருக்கட்டும். உண்ணியும் உண்டு. லைம் நோய் பரப்பும் என்பதால் தினமும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி ஓரமெல்லாம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

செலவு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியாகப் போனபோது பொது அறைப் படுக்கைக்கு 30 பவுண்டை ஒட்டிக் கொடுத்தேன். மே மாதப் படுக்கைகள் ஜனவரியிலேயே நிரம்ப ஆரம்பிக்கும். முதுகு ஒத்துழைக்காதவர்கள் பையை ஹாஸ்டலிலிருந்து ஹாஸ்டலுக்கு வேனில் அனுப்பிவிடலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

முழுப் பாதைக்கு விடுமுறை கிடைக்காதவர்கள் ரயிலில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியில் இறங்கிக் கின்லாக்லெவன் வரை இரண்டு நாள் நடந்து பாருங்கள். ரன்னாக் மூர், புவாகல் எடிவ் மோர் என்ற கூம்பு மலை, டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் மூன்றும் அதிலேயே வந்துவிடும். நடுவில் கிங்ஸ்ஹவுஸில் பங்க்ஹவுஸ் (அடுக்குக் கட்டில் விடுதி) படுக்கை உண்டு. இரண்டாம் நாள் தூரம் 14 கிலோமீட்டர்தான், மதியத்துக்குள் கின்லாக்லெவன் வந்துவிடலாம். அங்கிருந்து ஃபோர்ட் வில்லியமுக்குப் பஸ் இருக்கிறது. மே முதல் இரண்டு வாரங்களில் போனால் மிட்ஜ் தொல்லையும் இருக்காது, பகலும் நீளம்.