பழைய லேண்ட் ரோவர்: இருந்தபடியே மீட்பதா, மாற்றிக் கட்டுவதா?

பழைய நாலு சக்கர டிரைவ் வண்டியை எடுத்துக் கட்ட ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் முதல் வாரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவருவதா, இல்லை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் புதுசாக மாற்றிவிடுவதா? இரண்டாவதற்கு ரெஸ்டோமாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது சீரிஸ் 3 லேண்ட் ரோவர், 88 அங்குல வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம். 1971 முதல் 1985 வரை வந்த மாடல். நான் வாங்கும்போதே அதிலிருந்த 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு 200டிடிஐ டர்போ டீசல் ஏற்றியிருந்தார்கள். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன், அப்புறம் பெட்ரோலுக்கே திரும்பிவிட்டேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்ஜின் பேச்சுக்கு முன்னால் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். எந்த வழியில் போனாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. "பாடி அலுமினியம், துருவே பிடிக்காது" என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால்தான் பாடிக்கு பிர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவையைப் போட்டார்கள். ஆனால் சேஸியும், கண்ணாடிக்குக் கீழே கால் வைக்கும் குழியோடு சேர்ந்து வரும் பல்க்ஹெட்டும் எஃகுதான். அது துருப்பிடிக்கும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் வெள்ளை மாவாகப் பொடிந்து உதிரும்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். நீளச் சட்டத்தில் தட்டினால் மணி மாதிரி 'டங்' என்று கேட்க வேண்டும். என் வண்டியில் பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு வந்ததும் அந்தச் சத்தம் 'தொப்' என்று அடங்கியது, இன்னொரு தட்டில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. மேலே கறுப்பு பெயின்ட், அதற்கடியில் தார், அதற்கடியில் யாரோ ஒட்டுப்போட்ட தகடு, அதற்கடியில் ஒன்றுமே இல்லை. பெட்டி மாதிரி மூடிய சட்டம் என்பதால் சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து உள்ளிருந்தே தின்கிறது. வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இங்கே இரண்டு வழி. அழுகியதை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம், அல்லது துத்தநாகக் குளியல் கொடுத்த (கால்வனைஸ்டு) புதுச் சேஸியையே போடலாம். ஒரிஜினல் பிரியர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள், பழைய சட்டமும் அதிலுள்ள எண்ணும் அப்படியே நிற்கும். நான் கால்வனைஸ்டு சேஸி பக்கம். ஓட்டை இரண்டு மூன்று இடத்தில் என்றால் ஒட்டுங்கள். ஸ்பிரிங் தாங்கிகள், குறுக்குச் சட்டம், பக்கக் கைகள் எல்லாமே போயிருந்தால் ஒட்டுவதற்கு நல்ல இரும்பே மிச்சம் இருக்காது. ஒன்று மட்டும்: சேஸி மாற்றினால் வண்டியின் அடையாளமும் பதிவும் சிக்கலாகலாம். விதி நாட்டுக்கு நாடு வேறு, வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, இன்ஜின். பழைய பெட்ரோல் சுமார் 70 குதிரைசக்தி, இழுவிசை 160 நியூட்டன் மீட்டரை ஒட்டி. 200டிடிஐ 2.5 லிட்டர், 107 முதல் 111 குதிரைசக்தி, இழுவிசை 255க்கு மேல். எல்லோரும் இதைத் தேடுவதற்கு இன்னொரு காரணம், அது அதே இன்ஜின் பரம்பரையில் வந்தது, சீரிஸ் கியர்பாக்ஸில் நேராகப் பொருந்தும். டிஃபெண்டரிலிருந்து எடுத்த 200டிடிஐ என்றால் வேலை சுலபம். டிஸ்கவரியிலிருந்து எடுத்ததில் டர்போ கீழே தாழ்ந்து உட்கார்ந்திருக்கும், சேஸியில் இடிக்கும். வாங்கும்போது இதைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு சட்டத்தை வெட்டியவர்கள் உண்டு. அந்த வெட்டு வேண்டவே வேண்டாம்.

ஏற்றத்தில் டீசல் தரும் சுகத்தை மறைக்க மாட்டேன். பெட்ரோலில் இரண்டாம் கியருக்கு இறங்கி முனகிக்கொண்டு ஏறும் மேட்டை மூன்றிலேயே ஏறிவிடும், எரிபொருளும் கணிசமாக மிச்சம். ஆனால் அந்த இழுவிசை எங்கே போகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் பழைய இன்ஜினுக்காகச் செய்தது. பின் ஆக்சில் ஷாஃப்டுகள் பெட்ரோலிலேயே முறியும் பேர்பெற்றவை. அதனால்தான் பலர் டர்போவைக் கழற்றிவிட்டு 200டிடிஐ போடுகிறார்கள். என் வண்டியில் டர்போவை முழு அழுத்தத்தில் விட்டிருந்தார்கள். பதினெட்டாவது மாதம் இரண்டாம் கியரின் பற்கள் போயின.

கியர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாற்றிய பட்டறை இவ்வளவு சக்தியை ஏற்றிவிட்டு 10 அங்குல டிரம் பிரேக்கைத் தொடவே இல்லை, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தை மாதிரி அமுங்கியபோது என் பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ரெஸ்டோமாட் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் பிரேக்கை முதலில் முடியுங்கள், இன்ஜின் அப்புறம். 109 அங்குல மாடலின் 11 அங்குல டிரம்மும், பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் சர்வோவும் 88இல் பொருந்தும், தோற்றமும் கெடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஸ்க் கிட் இருக்கிறது.

பெட்ரோலை வைத்துக்கொண்டே நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் போக வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஃபேரி ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் பெட்டி, முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் மாட்டிக்கொள்ளும், அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறையும். வேண்டாமென்றால் கழற்றிப் பழைய மூடியைப் போட்டுவிடலாம். அதில் எண்ணெய் கொஞ்சம்தான் பிடிக்கும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் போட்டியாகச் சொல்வது டிஃபரன்ஷியலை மாற்றுவது: 4.7 பல் விகிதத்துக்குப் பதில் ரேஞ்ச் ரோவரின் 3.54. சாலையில் அமைதி கிடைக்கும், ஆனால் எல்லாக் கியரும் சேர்ந்து நீண்டுவிடும், லோ ரேஞ்சில் பாறைமேல் நத்தை மாதிரி ஊர்ந்து ஏறும் குணம் போய்விடும். டீசல் என்றால் 3.54 சரி, பெட்ரோலுக்கு அது தப்பு என்பது என் முடிவு.

ஸ்பிரிங்கில் மட்டும் எனக்கு ஒரிஜினல் பிடிவாதம் இல்லை. பழைய ஸ்பிரிங்கில் அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று துருவேறி இறுகி ஒரே கட்டையாகிவிடும். பாராபோலிக் ஸ்பிரிங்கில் பட்டைகள் குறைவு, நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடும், உராய்வு குறைவதால் முதுகு தப்பிக்கும். பழசையும் எடுத்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் ரிலேயைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இது இரண்டு கட்சிக்கும் பொது. முன் குறுக்குச் சட்டத்துக்குள் இறுகிக்கிடக்கும் அந்த உருளைக்குள் பலமான ஸ்பிரிங் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்கும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள், சாக்கு சுற்றிப் பிரியுங்கள்.

இதே கேள்வியை டொயோட்டா எஃப்ஜே40இல் கேட்டால் பதில் மாறும். 1960 முதல் 1984 வரை வந்த அந்த வண்டிக்குப் பாடியும் எஃகு, அதனால் செலவும் நேரமும் டிங்கரிங்கில்தான் போகும். இன்ஜினோ ஆறு சிலிண்டர், முதலில் 3.9 லிட்டர், 1975க்குப் பிறகு 4.2 லிட்டர் 2எஃப். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். அதை இறக்கிவிட்டு செவ்ரலே வி8 போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சத்தம் அருமை, ஆனால் நல்ல நிலையில் உள்ள 2எஃப் இன்ஜினைத் தூக்கி எறிய எனக்குக் காரணம் தெரியவில்லை. அங்கே மாற்ற வேண்டியது முன் பிரேக். எழுபதுகளின் நடுவில் தொழிற்சாலையே டிஸ்க் பிரேக் போட ஆரம்பித்துவிட்டது, அந்தப் பாகங்கள் முந்தைய வண்டிகளிலும் ஏறும். ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை மேலே மாற்றி வண்டியைத் தூக்குவதும் அங்கே பழக்கம். ஸ்டியரிங் கோணத்தையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்தையும் சரிசெய்யாமல் அதைச் செய்தால் சக்கரம் நடுங்கும், ஜாயிண்ட் தேயும்.

மின்மோட்டார் போடுவதும் இப்போது ஒரு தேர்வுதான். மோட்டாரில் முதல் சுற்றிலேயே இழுவிசை கிடைப்பதால் ஊர்ந்து ஏற நன்றாக இருக்கும், ஆனால் பேட்டரி எடையை எங்கே வைப்பது, ஆளில்லாத இடத்தில் எங்கே சார்ஜ் போடுவது என்று பதில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆக, வாரம் இரண்டு நாள் நெடுந்தூரம், சுமையோடு மேடு என்று இருப்பவர்கள் 200டிடிஐ போடலாம், ஆனால் பெரிய பிரேக், அடக்கிவைத்த டர்போ, பலமான ஆக்சில் ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்தால்தான். மற்றவர்களுக்கு நான் சொல்வது கால்வனைஸ்டு சேஸி, 11 அங்குல டிரம், ஓவர்டிரைவ், பாராபோலிக், அதே பழைய பெட்ரோல். என் வண்டி இன்று அப்படித்தான் ஓடுகிறது. கழற்றிய 200டிடிஐ பட்டறை மூலையில் நிற்கிறது, மாதம் ஒருமுறை சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறேன். 109 அங்குல வண்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பிரேக் வேலை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.