நிறுவனம் கொடுத்த வெயில் காப்பு: ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்த பின்

நான் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி தரும் திறந்தவெளி மைதானத்தில், ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வெயில் காப்புத் திட்டம் ஒன்றைக் கோடையின் தொடக்கத்தில் அமைத்துக் கொடுத்தது. சன்ஸ்கிரீன் பெட்டி இரண்டு, பிள்ளைகளுக்குத் தொப்பி, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களின் கடுமையை எண்ணால் சொல்லும் புற ஊதாக் குறியீட்டைக் காட்டும் பலகை, ஒரு நிழற்கூரை, பருவத்தில் இரண்டு முறை வந்து தோலைப் பரிசோதிக்கும் மருத்துவ வாகனம் ஆகியவை அதில் அடக்கம். நான்கு மாதம் இவற்றோடு பழகியவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே பொருள்களை இதே முறையில் கொடுக்கும் நிறுவனங்கள் பல இருப்பதால், கொடுத்தவரைவிடக் கொடுத்த முறையைப் பற்றிப் பேசுவதே பயன்படும்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது சன்ஸ்கிரீன் பெட்டிதான். கைகழுவும் சோப்புப் பெட்டியைப் போல, அடியில் கையை நீட்டி விசையை அழுத்தினால் களிம்பு விழும். வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப் எண் 50; யு.வி.ஏ, யு.வி.பி என்ற புற ஊதாக் கதிர்கள் இரண்டையும் தடுக்கும் வகை. வாசனை இல்லை, வியர்வையோடு கண்ணில் இறங்கினாலும் எரிச்சல் குறைவு. கறுத்த தோலில் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைத் திட்டு படியாத வகையாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால் பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டாம் முறை அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். களிம்பின் தரத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

அளவுதான் சிக்கல். பெட்டியின் மேல் ‘ஒரு கைக்கு ஒரு அழுத்து’ என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு நாள் வீட்டிலிருந்து தேக்கரண்டியை எடுத்துப்போய் அளந்து பார்த்தேன். நான்கு முறை அழுத்திய பிறகே கரண்டி நிரம்பியது. வளர்ந்த ஒருவரின் ஒரு கைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. எஸ்.பி.எஃப் எண்ணை ஆய்வகத்தில் கணிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். அதில் கால்பங்கைப் பூசிக்கொண்டு 50 என்ற எண்ணை நம்பி வெயிலில் நிற்பவருக்கு, அந்த எண்ணில் ஒரு சிறு பகுதியே கைக்கு வந்திருக்கும்.

கணக்கை நீட்டிப் பார்த்தேன். முகம், கழுத்து, கைகள், கால்கள் என்று ஒரு பிள்ளைக்குக் குறைத்து மதிப்பிட்டாலும் 15 மில்லி வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு 600 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவேண்டும் என்பதால், ஒரு காலைப் பயிற்சிக்கு 1200 மில்லி. பெட்டிக்குள் இருக்கும் பையின் கொள்ளளவோ ஒரு லிட்டர். ஆகவே இரண்டு பெட்டிகளும் சேர்ந்தாலும் இரண்டு நாள் தாங்கக்கூடாது. ஆனால் நிரப்ப வருபவர் மாதம் ஒருமுறைதான் வந்தார், அதுவரை பையில் களிம்பும் மீதம் இருந்தது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இது சிக்கனமாகத் தெரியலாம்; எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், யாரும் போதிய அளவு பூசவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இலவசக் களிம்பால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நாம்பூர் என்ற ஊரில் விடை கிடைத்திருக்கிறது. 1992இல் அங்கே 1621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினருக்குச் சன்ஸ்கிரீனை வேண்டிய மட்டும் இலவசமாகக் கொடுத்து, தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி இருந்தார்கள். நாலரை ஆண்டு முடிவில், நாள்தோறும் பூசியவர்களிடம் தோல் புற்றில் ஒரு வகையான செதிள்செல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தன. இன்னொரு வகையான அடித்தளச் செல் புற்றில் அப்படிக் குறைவு தெரியவில்லை. பின்னர் வெளிவந்த தொடர் ஆய்வில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது தெரிந்தது. இதில் என் கவனத்தைக் கவர்ந்தது, அந்த ஆய்வாளர்கள் பாட்டில்களைத் திரும்ப வாங்கி எடைபோட்டுப் பார்த்தார்கள் என்பது. கொடுத்ததோடு நிற்காமல், எவ்வளவு பூசப்பட்டது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் அந்தக் கேள்வியை நிறுவனம் ஒருமுறையும் கேட்கவில்லை.

பெட்டிகளை முதலில் திறந்த வெயிலில் நின்ற இரும்புக் கம்பத்தில் பொருத்தியிருந்தார்கள். சன்ஸ்கிரீனை அதிக வெப்பத்தில் வைக்கக்கூடாது என்று அந்தப் பையின் மேலேயே எழுதியிருந்தது! மூன்றாம் வாரத்திலேயே அழுத்தினால் முதலில் நீரும் பிறகு திரளும் வந்தன. முனையில் மஞ்சள் நிறத்தில் பொருக்குக் கட்டி அடைத்துக்கொண்டது. தொலைபேசியில் முறையிட்டோம். பத்து நாளைக்குள் ஆள் வந்து, பெட்டிகளைக் கழற்றிக் கழிப்பறைச் சுவரின் நிழற்பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பைகளையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு விரைவில் சரிசெய்த நன்கொடையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

தொப்பியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முன்பக்கம் மட்டும் நீண்ட விளிம்புள்ள தொப்பி. நெற்றியில் நிறுவனத்தின் லோகோ. வெயில் தின்னும் காதும் பிடரியும் வெளியே கிடக்கின்றன. சுற்றிலும் அகன்ற விளிம்பு உள்ள தொப்பியில் லோகோ எடுப்பாகத் தெரியாது என்பதைத் தவிர இந்தத் தேர்வுக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. அறிவிப்புப் பலகையின் முள்ளை நாள்தோறும் கையால் திருப்பி வைக்கவேண்டும். அதை யார் செய்வது என்று முடிவாகாததால், மழை பெய்த நாளிலும் அது ஏழிலேயே நின்றது. குறியீடு 3ஐத் தொட்டாலே தோலைக் காக்கத் தொடங்கவேண்டும் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரையைப் பலகையின் அடியில் அச்சிட்டிருந்தது மட்டும் உதவியது. பலகையைவிட எளிய கணக்கு ஒன்றை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: தரையில் விழும் உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால், வெயில் கடுமையாக இருக்கிறது.

இந்தத் திட்டத்தின் மிக விலையுயர்ந்த பகுதியும், என் கணிப்பில் மிகச் சிறந்த பகுதியும் நிழற்கூரைதான். நான்கு தூண்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய அடர்ந்த துணி. அண்ணாந்து பார்த்தால் பொட்டு வெளிச்சம்கூட ஊடுருவவில்லை. களிம்பைப் பூசச் சொல்லி நினைவூட்டவேண்டும், தொப்பியைத் தேடியெடுக்கவேண்டும். நிழலுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. ஆனால் கூரையை நட்ட இடம் வாயிலை ஒட்டிய மூலை. அங்கேதான் நிறுவனத்தின் பெயர் எழுதிய விளிம்பு சாலையில் போகிறவர்களின் கண்ணில் படும். காலை ஒன்பது மணிக்கு நிழல் மேற்கே சாய்ந்து வேலிக்கு அப்பால் விழுகிறது. பதினொன்றரைக்கு அது கூரையின் அடிக்கு வந்து சேரும்போது பிள்ளைகள் மைதானத்தின் மறுகோடியில் ஓட்டம் தொடங்கும் கோட்டருகே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு மாதம் அந்தக் கூரையின் கீழே சைக்கிள்கள்தான் இளைப்பாறின. பிறகு பெற்றோர் ஒருவர் குடிநீர்க் குடத்தைக் கூரையின் அடியில் நகர்த்தி வைத்தார். அன்றிலிருந்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பிள்ளைகள் தாமாகவே நிழலுக்கு வருகிறார்கள், நிற்கிறார்கள், பேசுகிறார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. கூரையின் அடியிலும் வானத்தில் சிதறி வரும் கதிர்கள் பக்கவாட்டில் படத்தான் செய்யும் என்பதால் களிம்பை விட்டுவிட முடியாது. ஆனாலும், நடுப்பகலில் அந்தப் பிள்ளைகள் நேர்வெயிலில் நிற்கும் நேரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

மருத்துவ வாகனத்தின் முதல் வருகையில் நானும் வரிசையில் நின்றேன். கறுத்த தோலுக்குத் தோல் புற்று வராது என்ற நினைப்போடுதான் போனேன். திரை போட்ட சிறு அறை. தோல் மருத்துவர் அவசரப்படாமல் முதுகு, காதின் பின்புறம், உச்சந்தலை என்று பார்த்துக்கொண்டே வந்தவர், “சார், காலுறையைக் கழற்றுங்கள்” என்றார். உள்ளங்காலையும் கால்விரல் நகங்களையும் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுத்த தோல் உடையவர்களுக்கு மெலனோமா அரிது என்றாலும், வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி போன்ற இடங்களில் வருவது அதிகம். அந்த வகைக்கு வெயில் முதன்மைக் காரணம் அன்று என்பதையும் அவரே சொன்னார். பாடகர் பாப் மார்லிக்கு மெலனோமா தொடங்கியது கால்விரலில்தான். 1981இல் அவர் இறந்தபோது வயது 36. மச்சம் சமச்சீரற்று இருப்பது, ஓரம் பிசிறாக இருப்பது, பல நிறம் கலந்திருப்பது, 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, மாறிக்கொண்டே போவது ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லி, என் தோளில் இருந்த ஒரு மச்சத்தின் அளவை அட்டையில் குறித்துக் கொடுத்தார். பரிசோதனை என்ற அளவில் இதைவிடப் பொறுப்பாகச் செய்ய முடியாது.

மேல்சிகிச்சை தேவைப்பட்டவர்களுக்கு வழி காட்டியதில்தான் குறை. எனக்கு முன்னால் போன பெரியவரின் சீட்டில் ‘தோல் மருத்துவரை அணுகவும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கே, எப்போது, செலவு யாருடையது என்று எதுவும் இல்லை. அறிகுறி இல்லாதவர்கள் அனைவரையும் கண்ணால் பார்த்துப் பரிசோதிப்பதால் கிடைக்கும் நன்மையை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023இல் சொன்னது. அப்படியிருக்க, வாகனத்தை நிறுத்திப் படமெடுப்பதில் காட்டிய அக்கறையைச் சந்தேகத்துக்குரிய அந்தச் சிலரைத் தொடர்ந்து கவனிப்பதில் காட்டியிருக்கலாம்.

விடுபட்டவர் ஒருவரும் இருக்கிறார். மைதானத்தைப் பராமரிப்பவர் காலை ஆறிலிருந்து மாலை வரை வெயிலில் நிற்கிறார். திட்டம் பிள்ளைகளுக்கானது என்பதால் அவருக்குத் தொப்பிகூட இல்லை. மெலனோமா அல்லாத தோல் புற்றால் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் நேர்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் அறிவித்தன. யாருக்கு அதிகம் தேவை என்று தொடங்கிய உதவிக்கு நல்ல மாதிரி டான்சானியாவின் மோஷி நகரில் இருக்கிறது. தோலில் நிறமி இல்லாமல் பிறந்தவர்களுக்காகவே கிலிசன் என்ற சன்ஸ்கிரீனை அங்கேயே தயாரிக்கும் கூடத்துக்கு, பி.ஏ.எஸ்.எஃப் என்ற ஜெர்மானிய வேதிப்பொருள் நிறுவனம் துணைநின்றது. யார் பூசப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட்டே அங்கே களிம்பைக் காய்ச்சுகிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கூரை சரியான இடத்தில் இருந்திருந்தால் நான்கரை. அடுத்த ஆண்டுக்குத் திட்டத்தை நீட்டிப்பதற்காக நிறுவனம் சென்ற வாரம் கருத்துப் படிவம் அனுப்பியது. களிம்பு, தொப்பி, பலகை, வாகனம் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் இடக் கட்டங்கள் இருந்தன. நிழற்கூரைக்குக் கட்டம் இல்லை. ‘இதர கருத்துகள்’ என்ற பகுதியில், மூன்றாவது பெட்டி வேண்டாம், அந்தப் பணத்தில் ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு மேலே இன்னொரு கூரை போட்டுக் கொடுங்கள், பெயரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.