போர்ட்டபிளா, டெஸ்க்டாப்பா, டாக்கா, எஸ்எஸ்டியா? வீட்டு பேக்கப்புக்கு எந்த டிரைவ்?

பேக்கப்புக்கு டிரைவ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது வேகத்தையும் கொள்ளளவையும்தான். நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் பெட்டி பழுதானால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வழி உண்டா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சின்ன யூஎஸ்பி சாக்கெட். போர்ட்டபிள் டிரைவின் கேபிளில் கால் தட்டி, சாக்கெட் ஆட்டம் கண்டுவிட்டது. டிரைவ் சுழலும் சத்தம் கேட்டது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே இல்லை. சரி, உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் டிரைவை வேறு பெட்டியில் மாட்டிவிடலாம் என்று திறந்தேன். உள்ளே, டிரைவ்களை மாட்ட வழக்கமாக இருக்கும் சாட்டா கனெக்டரே இல்லை. யூஎஸ்பி சாக்கெட்டை டிரைவின் சர்க்யூட் போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள். படங்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்க, வாசல் மட்டும் உடைந்துபோன நிலை. 2.5 அங்குல போர்ட்டபிள்களில் இப்படிச் செய்யப்பட்டவை நிறைய. சிலவற்றில் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் அந்த போர்டு தகவலை என்கிரிப்ட் செய்தே, அதாவது ரகசியக் குறியீடாக மாற்றியே எழுதும். போர்டு போனால், தகவல் பதிந்திருக்கும் தட்டுகள் நன்றாக இருந்தும் படிப்பது பெரும் பாடு.

இருந்தாலும் போர்ட்டபிளை நான் ஒதுக்கவில்லை. தனி அடாப்டர் வேண்டாம், பையில் போட்டு வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம். அந்த ஒரு வேலைக்கு இதைவிடத் தோதானது இல்லை. சிக்கல் எழுதும் முறையில் இருக்கிறது. இன்றைய போர்ட்டபிள்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏற்றி அடுக்குவதைப் போல, இதில் தகவல் எழுதப்படும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அதன் மேலிருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். டிரைவ் இதைச் சமாளிக்க ஒரு சின்னப் பகுதியை இடைத்தங்கலாக வைத்திருக்கும். அது நிறைந்ததும் வேகம் சரசரவென்று இறங்கிவிடும்.

பேக்கப்பில் இது எப்போது வலிக்கும்? பழைய கோப்புகளை அழித்துப் புதியவற்றை மொத்தமாக எழுதும்போது. தினமும் மாறிய நாலைந்து கோப்புகளை மட்டும் சேர்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பல டிரைவ்களைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் தப்பும்படி ரெய்டு அமைப்பவர் எஸ்எம்ஆர் பக்கமே போகக்கூடாது. ஒரு டிரைவை மாற்றி மறுபடி நிரப்பும்போது அது நாட்கணக்கில் இழுக்கும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் டிரைவ்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

3.5 அங்குல டெஸ்க்டாப் டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும், எடையும் அதிகம். ஆனால் 20 டிபியைத் தாண்டியும் கிடைக்கிறது, ஒரு டிபிக்கு ஆகும் செலவும், தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியைவிட மிகக் குறைவு. வேகமும் மோசமில்லை. ஒரு டிபியை நகலெடுக்க போர்ட்டபிளுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும் என்றால், விநாடிக்கு 200 எம்பி எழுதும் பெரிய டிரைவ் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் எதுவானாலும் எட்டு மணி நேரம் பிடிக்கும். முதலில் துளையைச் சரிபாருங்கள்.

என் விருப்பம் இதன் இன்னொரு வடிவம்: உறையில்லாத 3.5 அங்குல டிரைவும், அதைச் செருகி யூஎஸ்பி வழியாக இணைக்க ஒரு டாக்கும். டாக் பழுதானால் டாக்கை மட்டும் மாற்றினால் போதும். டிரைவை சாட்டா உள்ள எந்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டரிலும் நேரடியாக மாட்டலாம், வாசல் உடைகிற பயமில்லை. ஒரு டாக், இரண்டு டிரைவ் என்று வைத்து வாரம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். சீகேட்டின் அயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், டோஷிபாவின் என்300 மூன்றும் சிஎம்ஆர் என்பதால் எழுதும் முறையைப் பற்றிய கவலையும் இல்லை. உறையில்லாத டிரைவைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பது உண்மை. கீழே போட்டால் போனதுதான்.

கீழே விழுவதைத் தாங்குவதில் எஸ்எஸ்டியை அடிக்க ஆளில்லை. அசையும் பாகம் கிடையாது, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே யூஎஸ்பி வழியாக ஒரு டிபியை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடும். பயணத்தில் எடுத்த படங்களை அன்றன்றைக்கு நகலெடுக்க அதுதான் சரி. ஆனால் அலமாரியில் வைத்து மறந்துவிடும் பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வேண்டாம் என்பேன். அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். சிப் துறைக்கான ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம் வீட்டு எஸ்எஸ்டிகளிடம் எதிர்பார்ப்பது, எழுதக்கூடிய மொத்த அளவும் தீர்ந்த பிறகு, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான். புதியது அதைவிட நன்றாகவே தாங்கும், ஆனாலும் அவ்வப்போது செருகிப் பார்க்காத ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்புறம், நம்ப முடியாத விலையில் 16 டிபி என்று வரும் குட்டி எஸ்எஸ்டிகளைத் தொடவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும் போலிகள் அவை.

நாஸ் பற்றிக் கேட்பார்கள், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி. பல கம்ப்யூட்டர்கள் இருக்கும் வீட்டுக்கு வசதி. ஆனால் எப்போதும் நெட்வொர்க்கில் இணைந்திருப்பதால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் பூட்டக்கூடும். ரெய்டும் தவறுதலாக அழித்த கோப்பைத் திருப்பித் தராது. நாஸுக்கும் கழற்றி வைக்கக்கூடிய ஒரு டிரைவ் வேண்டும்.

பிராண்டைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா மூவர் மட்டுமே. ஆன்லைன் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் லட்சக்கணக்கான டிரைவ்களின் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிடுகிறது. மொத்தத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு போகின்றன. மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு, ஆனால் உங்கள் கைக்கு வருவது அந்த ஒன்றா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரே விலையுயர்ந்த டிரைவுக்குப் போகும் பணத்தை இரண்டு சாதாரண டிரைவ்களுக்குப் பிரித்துப் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேட்சில் வாங்காதீர்கள்.

வாங்கியதும் ஒருமுறை முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் டிரைவ் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், நிலுவையில் இருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.