செட்டிநாட்டு வெயிலில் அறிவியலுக்கு ஓடும் வீட்டுக் கணினி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டுக் கணினியை ஆய்வுக்கு ஓட்டலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது நெட் வேகத்தைப் பற்றித்தான். அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். இங்கே தீர்மானிப்பவை வெயிலும் கரண்டும். இரண்டுக்கும் ஏற்றபடி நிதானமாக ஓட்டினால் எட்டு வருஷப் பழைய நான்கு கோர் மெஷின்கூட ஆண்டுக்கணக்கில் உருப்படியான முடிவுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். முழு மூச்சில் ஓட்டினால் புது மெஷினும் ஒரு கோடையில் படுத்துவிடும்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கணக்கை ஆய்வாளர்கள் பல்லாயிரம் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைக்கிறார்கள். நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு துண்டை இறக்கி, கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் டாஸ்க். பெரும்பாலான திட்டங்களுக்குப் பொதுவான மென்பொருள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க். வேற்றுக்கிரக சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம் 1999 மே மாதம் தொடங்கியது. அதை நினைவில் வைத்து இன்றும் தேடி வருகிறவர்கள் உண்டு. 2020 மார்ச் 31 முதல் அது புது டாஸ்க் அனுப்புவதை நிறுத்திவிட்டது. மற்ற திட்டங்கள் ஓடுகின்றன. யாரும் காசு தர மாட்டார்கள், நாமும் யாருக்கும் தர வேண்டியதில்லை. காசு கேட்கிற ஆப் எதுவாக இருந்தாலும் அது வேறு சங்கதி, தொடாதீர்கள்.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புரதம் மடியும் விதத்தைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் புகழ்பெற்றது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக உலகமே சேர்ந்து ஓட்டியபோது அதன் மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது விநாடிக்கு ஒன்றுக்குப் பின் பதினெட்டுப் பூஜ்யம் போட்ட எண்ணிக்கையிலான கணக்கை, தாண்டியது. ஆனால் இரவில் மட்டும் ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய மெஷினுக்கு அது பொருந்தாது. ஒரு டாஸ்க்கின் விடையிலிருந்துதான் அதற்கு அடுத்த டாஸ்க் பிறக்கிறது. நாம் இரண்டு நாள் தாமதித்தால் அந்தச் சங்கிலி இரண்டு நாள் அப்படியே நிற்கும். அதனால்தான் அங்கே சீக்கிரம் திருப்பினால் கூடுதல் புள்ளி தருகிறார்கள். அதற்குப் பாஸ்கீ என்ற தனி அடையாளக் குறியீடு வாங்கி, அதைக் கொண்டு பத்து டாஸ்க் முடித்திருக்க வேண்டும். வாங்கியதில் நூற்றுக்குக் குறைந்தது எண்பது ஒழுங்காகத் திரும்பியிருக்க வேண்டும். நல்ல கார்டும் விடாத கரண்டும் இருப்பவர்கள் தாராளமாக அதை எடுக்கலாம்.

மற்றவர்களுக்கு ஐன்ஸ்டைன் அட் ஹோம் முதல் தேர்வு. 2005 முதல் ஓடுகிறது. ஈர்ப்பலை, ரேடியோ, காமா கதிர்த் தரவுகளில் சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறது. ஒவ்வொரு டாஸ்க்கும் தனித்தனி, கெடு பெரும்பாலும் 14 நாள். ராத்திரிக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் மெஷினுக்கு இது நிம்மதி. ரோசெட்டா அட் ஹோம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 2024 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அதில் கெடு மூன்று நாள் அளவுதான், ரேமும் அதிகம் கேட்கும். 4 ஜிபி ரேமோடு நாலு கோரையும் அதற்குக் கொடுத்தால் மெஷின் ஹார்ட் டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டே கிடக்கும், கணக்கு நகராது. ஆக்ஸ்ஃபோர்டின் பருவநிலைத் திட்டத்தில் டாஸ்க் நாள்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் கெட்டுப்போவதும் அதிகம். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

ஒரு திட்டத்தை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். எந்தத் திட்டத்திலும் சில நாள் வேலையே வராமல் போவது சகஜம். இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, அந்தத் திட்டத்தின் தளத்தில் நம் கணக்கு அமைப்பில் ரிசோர்ஸ் ஷேரை, அதாவது அந்தத் திட்டத்துக்கான பங்கை, பூஜ்யம் என்று வைத்தால், முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அதிலிருந்து டாஸ்க் வரும். இது பலருக்குத் தெரியாத வசதி.

இனி செட்டிங். பாயிங்க்கை நிறுவியதும் எளிய திரைதான் தெரியும். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு வியூவுக்கு மாற்றுங்கள். மாற்ற வேண்டியதெல்லாம் ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸ் பகுதியில் இருக்கிறது. இங்கே ஒரு முறை சேமித்துவிட்டால் அந்தக் கணினி இதை மட்டும்தான் கேட்கும். அதற்குப் பிறகு இணையத்தில் போய் எதை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

நான்கு கோர் மெஷினில் கோர் அளவை 50 சதவீதம் வையுங்கள், அதாவது இரண்டு கோர். அதற்கடுத்த வரியில் இருக்கும் சிபியு நேரத்தை 100 சதவீதத்திலேயே விடுங்கள். சூட்டைக் குறைக்கப் பலரும் இந்த இரண்டாவதைத்தான் இறக்குகிறார்கள். அப்போது பாயிங்க் கணக்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். சிபியு சூடேறிச் சூடிறங்கும், ஃபேன் இரைந்து இரைந்து அடங்கும். கோரைக் குறைப்பதே மெஷினுக்கு நல்லது. வேலைக் கையிருப்பை 0.1 நாள், கூடுதலாக 0.1 நாள் என்று வைத்தால் போதும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறோம் என்பதை மென்பொருள் தானாகக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் ஐந்து நாள் கையிருப்பு கேட்டால் குவித்துவிட்டுப் போகும், பாதி கெடு தாண்டிவிடும்.

நிறுத்தி வைக்கும்போதும் டாஸ்க்கை ரேமிலேயே வைத்திரு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கணக்கு நிறுத்தப்படும்போதெல்லாம் டாஸ்க் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போகும். அந்தச் சேமிப்புக்குச் செக்பாயின்ட் என்று பெயர். இடைவெளி 60 விநாடி என்று வந்திருக்கும். டிஸ்க் தேயும் என்று பயந்து கூட்டாதீர்கள், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதுதான் காப்பு. வேறு மென்பொருள் 25 சதவீதத்துக்கு மேல் சிபியுவை எடுத்தால் நிறுத்து என்ற விதி இன்னொரு கண்ணி. ஆன்ட்டிவைரஸ் இரவில் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் விடியும்வரை ஒரு துளி கணக்கும் நடக்காது. ஸ்கேனைப் பகலுக்கு மாற்றுங்கள், பாயிங்க்கின் தரவு ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். கணினி ஸ்லீப்புக்குப் போவதையும் அணைத்துவிடுங்கள்.

நேர அட்டவணையில் இரவு 10 முதல் காலை 6 வரை என்று போடுங்கள். மார்கழி, தையில் பகலிலும் ஓட்டலாம். பங்குனியிலிருந்து ஆவணிவரை இரவு மட்டும். கத்திரி வெயிலில் சில நாள் இரவிலும் நிறுத்தவே வேண்டியிருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காரணம் எளிது. எவ்வளவு நல்ல ஃபேன் போட்டாலும் சிபியுவை அறையின் சூட்டுக்குக் கீழே அது இறக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் சிபியுவும் ஏறக்குறைய பத்து ஏறும். தையில் 65 டிகிரியில் நிற்கும் அதே மெஷின் சித்திரையில் 80ஐத் தொடுவது அதனால்தான். 75ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது எங்கள் கணக்கு.

விண்டோஸில் இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பவர் ஆப்ஷனில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றைக் குறைத்ததும் சிபியு தன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஏறும் டர்போ வேகம் மொத்தமாக அணைந்துவிடும். வேகம் கொஞ்சம் இறங்கும், சூடும் கரண்டும் அதைவிட நன்றாக இறங்கும். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

மெஷினை வைக்கும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், செட்டிநாட்டு வீடுகள் அப்படி. கனத்த சுண்ணாம்புச் சுவர் குளுமை தரும் என்று நம்பி வளவைச் (உள்முற்றப் பகுதியைச்) சுற்றியுள்ள சிறு அறை ஒன்றில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். ஜன்னல் இல்லாத அறையில் அது 70 வாட் ஹீட்டர் வைத்ததற்குச் சமம். சுவர் வெளிச்சூட்டைத் தடுப்பது போலவே உள்சூட்டையும் வெளியே விடாது. காற்று ஓடும் பட்டாலையில் (கூடத்தில்) சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. முற்றத்துத் தாழ்வாரத்தை ஒட்டி வைத்தால் ஐப்பசி மழைச் சாரல் அடிக்கும். ஆத்தங்குடித் தரையில் நேரடியாகக் கேபினட்டை நிறுத்தாதீர்கள். தரைமட்டத்தில்தான் தூசி ஓடுகிறது, ஃபேன் அதை அப்படியே இழுக்கும். ஒரு முக்காலி உயரம் போதும்.

பழைய வீட்டில் மேற்பூச்சு உதிர்ந்த சுண்ணாம்புப் பொடியும் ஆடிக்காற்றில் வரும் செம்மண்ணும் சேர்ந்தால் சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம் ஒட்டும். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கீழே காற்றே போகாது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆடி முடிந்ததும் கட்டாயம் ஒரு முறை, ப்ளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். தெர்மல் பேஸ்ட் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும், அரிசி மணி அளவு.

கரண்ட் செலவைக் கணக்கிடும்போது மெஷினின் மொத்த வாட்டைப் பார்க்காமல், சும்மா இருப்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எப்படியும் ஆனில் இருக்கும் மெஷினுக்கு அதுதான் உண்மையான செலவு. அந்த வித்தியாசம் 50 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 24 யூனிட். நாள் முழுக்க ஓட்டினால் 72. 150 வாட் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டை நாள் முழுக்க ஓட்டினால் 216. இந்த 216 பல வீடுகளை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளிவிடும், அங்கே அடுக்குக் கட்டணமே வேறு. பழைய பில் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இந்தக் கணக்கை ஓட்டாதீர்கள்; அந்த பேட்டரி ஃபேனுக்கும் விளக்குக்கும். மெஷினுக்குத் தனியாக 600 விஏ யுபிஎஸ் போதும். அதன் யுஎஸ்பி கேபிளையும் மறக்காமல் இணையுங்கள். இணைத்தால் விண்டோஸ் அதை பேட்டரியாகப் பார்க்கும், பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற பாயிங்க்கின் விதி வேலை செய்யும். கேபிள் இல்லாவிட்டால் கரண்ட் போனதே அதற்குத் தெரியாது, சில நிமிஷத்தில் யுபிஎஸ்ஸை உறிஞ்சித் தீர்த்துவிடும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் பயாஸ் வசதி வேண்டாம். கரண்ட் திரும்பி வரும் முதல் சில நிமிஷம்தான் வோல்டேஜ் ஆடும் நேரம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பழைய மர கேசிங் வயரிங் உள்ள வீடுகளில் இது முதல் வேலை. பூட்டிப் போட்டுவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் வீட்டில் மெஷினை ஓடவிட்டுப் போகவே கூடாது.

லேப்டாப்பைப் பரிந்துரைக்க மாட்டோம், இந்தச் சூட்டில் பேட்டரி உப்பிவிடும். போனில் பாயிங்க் சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடும், பேட்டரி சூடு வரம்பை மீறினால் தானே நிற்கும். கோடையில் இங்கே பெரும்பாலும் நின்றபடியேதான் இருக்கும். நெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போன் ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் பகுதியில் ஒரு நாளைக்கு இத்தனை எம்பி என்று வரம்பு போடுங்கள், செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி அட் ஹோமைத் தவிருங்கள். அதன் சில டாஸ்க்குகள் ஒரு முழு மெய்நிகர் கணினியையே இறக்கும்.

ஓட ஆரம்பித்த இரண்டு வாரத்துக்கு டாஸ்க் பட்டியலைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிகழ்வுப் பதிவு திறக்கும். எப்போதாவது ஒரு டாஸ்க் பிழையாக முடிவது ஒன்றுமில்லை. திட்டத்தின் தளத்தில் நம் விடைகள் செல்லாதவை என்று வரிசையாக வந்தால் மெஷின் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். சூடு, ஓவர்கிளாக் (சிபியுவை அளவுக்கு மேல் வேகப்படுத்துவது), கெட்ட ரேம், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட்டினால் ரேம் அகப்பட்டுவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் சர்வரே நமக்குத் தரும் டாஸ்க்கைக் குறைத்துவிடும்.

தப்பான விடையை எப்படிப் பிடிக்கிறார்கள்? பல திட்டங்களில் ஒரே டாஸ்க் அறிமுகமில்லாத இரண்டு பேருக்குப் போகிறது, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பு. 2010இல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து விநாடிக்கு 41 முறை சுழலும் ஒரு பல்சாரை, அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீனை, ஐன்ஸ்டைன் அட் ஹோம் கண்டுபிடித்தது. அதைக் கணக்கிட்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஒருவரின் கணினியும். சாதாரண மெஷின்கள்!

கல்லூரி, அலுவலகக் கணினிகளில் போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காரைக்குடியில் அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் இது.

நிறுத்த நினைத்தால் மென்பொருளை அப்படியே அழித்துவிட்டுப் போகாதீர்கள். முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து புது டாஸ்க் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துங்கள். கையில் இருப்பவை முடிந்து, அனுப்பப்பட்டு, பட்டியல் காலியானதும் அப்டேட் ஒரு முறை அழுத்திவிட்டுத் திட்டத்தை நீக்குங்கள். ஓட்டி முடிக்க முடியாத நிலை என்றால் டாஸ்க்கைக் கைவிடும் அபார்ட் பொத்தானை அழுத்துங்கள், சர்வர் உடனே அதை வேறு ஒருவருக்கு அனுப்பிவிடும். சொல்லாமல் அழித்துவிட்டால் அந்த டாஸ்க் 14 நாளும் நம் பெயரிலேயே கிடக்கும், அதே டாஸ்க்கை முன்னரே முடித்து அனுப்பிவிட்ட எங்கோ ஓர் ஊர்க்காரரின் விடை அதுவரை ஏற்கப்படாமல் காத்திருக்கும்.