பயிற்சி ஸ்லைடுகளுக்குக் குவார்ட்டோ: ஒரு மதிப்பீடு

நிரலாக்கப் பயிற்சிக்கான ஸ்லைடுகளில் முதலில் காலாவதியாவது பெரும்பாலும் விளக்கமல்ல, திரையிலிருந்து வெட்டி ஒட்டிய வெளியீடுதான். பைத்தான் மொழியில் தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் என்னும் நிரல் நூலகத்தின் 2.0 பதிப்பு 2023இல் வந்தபோது, டேட்டாஃபிரேம் எனப்படும் தரவு அட்டவணையில் வரிசைகளைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’ கட்டளை நீக்கப்பட்டது. அதைக் கற்பித்த பழைய ஸ்லைடுகளோ அதே அட்டவணையைக் கூச்சமின்றிக் காட்டிக்கொண்டிருந்தன. இப்போது போசிட் என்று பெயர் மாறியுள்ள ஆர்ஸ்டூடியோ நிறுவனம் 2022இல் அறிவித்த குவார்ட்டோ என்னும் இலவசத் திறமூல மென்பொருள், இச்சிக்கலை வேரிலேயே அணுகுகிறது.

எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் உரைக் கோப்பொன்றில் விளக்கத்தையும் நிரலையும் சேர்த்து எழுதி, ஸ்லைடுகளை உருவாக்கும் ‘ரெண்டர்’ கட்டளையைக் கொடுத்தால், குவார்ட்டோ நிரலை உண்மையிலேயே ஓட்டி, கிடைத்த அட்டவணையையும் வரைபடத்தையும் கோப்பு வடிவங்களை மாற்றும் பேண்டாக் கருவி வழியாக, உலாவியில் திறக்கும் ரிவீல்.ஜேஎஸ் ஸ்லைடுகளில் பதித்துத் தருகிறது. நிரலில் பிழையிருந்தால் ஸ்லைடே உருவாகாது. வகுப்பில் அசடு வழிவதைவிட அது மேல். பிழைச் செய்தியே பாடமென்றால், அந்த நிரல் பகுதியில் மட்டும் ‘எரர்: ட்ரூ’ என்று குறித்தால் போதும். வெளியீட்டை அடுத்த சொடுக்குவரை மறைத்துவைக்கும் வசதி, “என்ன வரும், சொல்லுங்கள்” என்று மாணவர்களைக் கேட்கும் பழக்கமுள்ளவர்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது.

ஓட்டிய நிரலின் வெளியீட்டைச் சேமித்துவைக்கும் ‘ஃப்ரீஸ்’ வசதியில்தான் எச்சரிக்கை தேவை. ‘ஆட்டோ’ என்று வைத்தால், முழுத் திட்டத்தையும் ரெண்டர் செய்யும்போது மாறாத கோப்புகளின் நிரலை மறுபடி ஓட்டாமல் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது கவனிப்பது மூலக் கோப்பில் நேர்ந்த மாற்றத்தை மட்டுமே. நூலகத்தின் பதிப்போ தரவுக் கோப்போ மாறினாலும் பழைய வெளியீடே நீடிக்கும் என்பதால், எதைத் தவிர்க்க இந்த மென்பொருளுக்கு வந்தோமோ அதுவே கொல்லைப்புற வழியாக நுழைந்துவிடுகிறது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஃப்ரீஸ் கோப்புறையை அழித்துவிட்டு ரெண்டர் செய்வதே பாதுகாப்பு.

உலாவியில் திறப்பதால் தமிழ் எழுத்துகள் சிதைவதில்லை. நீண்ட வெளியீடு ஸ்லைடின் அடியில் வழிந்தோடுவதை நாமேதான் பார்த்துச் சுருக்க வேண்டும். பவர்பாயிண்ட் கோப்பாகவும் எடுக்கலாம் என்றாலும், வரைபடங்கள் வெறும் படங்களாகவே போய்ச் சேரும். அங்கே கையால் செய்த திருத்தம் மூலக் கோப்புக்குத் திரும்பாது. ஸ்லைடுகளைப் பலர் கைமாற்றித் திருத்தும் அலுவலகங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.