நான்கு கத்திரி கண்ட விசிறி: பழைய பத்மினியில் மின்விசிறி பொருத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார். 2022 மார்ச் மாதம், மாருதி 800இலிருந்து கழற்றப்பட்ட ரேடியேட்டர் மின்விசிறி ஒன்றைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கி அதில் பொருத்தினேன். அதன்பின் நான்கு கத்திரி வெயிலும் மூன்று வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டன. வண்டி ஏறத்தாழ 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விசிறியைப் பொருத்தியது ஒரு நாள் வேலை. அதன் வயரிங்கைச் சரியாக அமைக்கத்தான் எனக்கு ஓராண்டு பிடித்தது.

பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் விசிறி வாட்டர் பம்ப்பின் புல்லியோடு சேர்ந்தே சுழலும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். ஐட்லிங்கில் நின்றால் அதுவும் சோம்பலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும் என்பதால் அங்கே விசிறிக்கு வேலையில்லை. வேலை இருக்கும் சிக்னலில் அதற்கு வேகமில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஆற்காடு சாலை குறுகிய பிறகு, வடபழனியிலிருந்து போரூர் போவதற்குள் டாஷ்போர்டின் கீழே நான் தனியாகப் பொருத்தியிருந்த வெப்பநிலை மீட்டர் 105 டிகிரியைத் தொடுவது வழக்கமாகிவிட்டது.

விசிறி வாங்கப் போகுமுன் ரேடியேட்டரைப் பார்த்தாக வேண்டும். திண்டிவனம் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் முள் ஏறினால் குறை விசிறியில் இல்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், மூடியின் ரப்பர் போயிருக்கலாம். என் வண்டியிலும் பாதி நோய் அதுதான். ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கின் ஈயப்பற்றைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தபோது ஒரு டம்ளர் அளவுக்குத் துருச் சேறு வந்தது. நெடுஞ்சாலைச் சூடு அத்துடன் நின்றது. சிக்னல் சூடு மட்டும் மிஞ்சியது. அதற்காகத்தான் மின்விசிறி.

புதுப்பேட்டைக் கடையில் 1,500 ரூபாய் சொன்னார்கள், 900க்கு முடிந்தது. கடைக்காரர் ஒரு பழைய பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டுக் காட்டி, "ஓடுது பாருங்க சார், இதுக்கு மேல என்ன?" என்றார். ஓடுவது மட்டும் போதாது. வயரை எடுத்த பிறகு இறக்கைகள் உரசாமல் மெல்லத் தளர்ந்து நிற்கின்றனவா, தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா, மோட்டாரின் முதுகில் கருகிய வாசனை வருகிறதா என்று பார்த்தே எடுத்தேன். மூன்றாவதாகக் கொடுத்த விசிறிதான் தேறியது.

மாருதியிலும் விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பதுதான் என்பதால் திசைச் சிக்கல் வரவில்லை. சிலர் இடமில்லாமல் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துவிட்டு, வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்கிறார்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே வார்க்கப்பட்டது, தலைகீழாகச் சுற்றினால் காற்று வெகுவாகக் குறையும். பழைய இரும்பு விசிறியைக் கழற்றும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று: என் வண்டியில் புல்லியைப் பிடித்திருப்பதும் அதே போல்ட்டுகள்தான். விசிறியின் தடிமன் இல்லாமல் போனதும் அவை தேவைக்கு மேல் நீளமாகிவிடும். இறுக்கினாலும் புல்லி ஆடும். குட்டை போல்ட்டுகள் வாங்கினேன். விசிறியைத் தாங்க வெல்டிங் பட்டறையில் பட்டை இரும்பில் சட்டம் அடித்து, ரப்பர் புஷ் வைத்து, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பிடித்தோம். குழாய்களுக்கு இடையே பிளாஸ்டிக் ஊசி செருகிக் கட்டும் முறை அதிர்வில் என்றாவது செம்புக் குழாயை அறுத்துவிடும் என்பது என் பயம்.

இனி வயரிங். முதலில் பொருத்திய எலக்ட்ரீஷியன் நல்ல கைக்காரர்தான். ஆனால் ரிலேயின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைச் சேர்த்து விடும் சுவிட்ச்) 30ஆம் முனைக்கு, அதாவது விசிறிக்கான கரண்ட் உள்ளே வரும் முனைக்கு வேண்டிய கரண்ட்டை, அருகில் இருக்கிறதே என்று இக்னிஷன் லைனிலிருந்தே எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வினோதம் ஒன்று நடந்தது. வீட்டு வாசலில் விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் அணையாமல் இரண்டு விநாடி ஓடிவிட்டுத்தான் நின்றது. காரணம் புரிய ஒரு மாலை ஆயிற்று. சாவியை அணைத்ததும் விசிறி உடனே நிற்காது. சுற்றும் மோட்டார் அந்நேரம் டைனமோவாக மாறி மின்சாரம் தரும். அந்த மின்சாரம் விசிறிக்குப் போகும் 87ஆம் முனையிலிருந்து 30 வழியே திரும்பி வந்து, இக்னிஷன் காயிலையும் ரிலேயையும் சேர்த்தே உயிரோடு வைத்திருந்தது. 30ஆம் முனையை 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரி பாஸிட்டிவுக்குக் கொண்டுபோய், ரிலே காயிலின் 86ஆம் முனைக்கு மட்டும் இக்னிஷனிலிருந்து சின்ன வயர் கொடுத்ததும் அது தீர்ந்தது. சாவித் துளைப் பக்கம் சூடாவதும் அதோடு நின்றது.

அப்படியும் கடையில் கேட்ட அந்த இரைச்சல் வண்டியில் கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்து விசிறி ஓடும்போது அளந்தேன். பேட்டரியில் 13.6 வோல்ட், மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 11.2. பாஸிட்டிவ் வயரில் இழப்பு 0.3 மட்டுமே. மீதி 2.1 வோல்ட் எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், தொலைந்துகொண்டிருந்தது. விசிறியின் எர்த்தை முன் பேனலில் ஒரு திருகில் பிடித்திருந்தார்கள். நானும் சுரண்டிப் பார்த்தேன்: மேலே பெயின்ட், அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் முப்பது வருடத் துரு. கடல் காற்று வீசும் ஊரில் பாடியை நம்பி எர்த் கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் விசிறியின் நெகட்டிவை நேரே பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தேன். எர்த் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. இரைச்சலும் திரும்பி வந்தது. இங்கிலாந்து வழியில் வந்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாஸிட்டிவ்தான் எர்த். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தொடங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெர்மோ சுவிட்சிலும் என்னை ஏமாற்றியது எர்த்தே. 92 டிகிரியில் சேர்ந்து 87இல் விடும் சுவிட்சை முதலில் ரேடியேட்டரின் கீழ் டேங்கில் வைத்தேன். அங்கு வருவது ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீர் என்பதால், விசிறி சுற்றத் தொடங்குவதற்குள் எஞ்சின் பக்கம் 100 தாண்டியிருக்கும். ஆகவே லேத்தில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைக் கடைந்து, மேல் ஹோஸை வெட்டி நடுவில் செருகி, சுவிட்சை அதில் மாட்டினேன். அதன்பின் விசிறி சுற்றவே இல்லை. சுவிட்ச் ஒற்றை முனை உள்ளது. திருகிய உலோகத்தின் வழியாக எர்த் எடுப்பது. பித்தளைத் துண்டுக்கு இருபுறமும் ரப்பர் ஹோஸ், பிறகு எர்த் எங்கிருந்து வரும்? அந்தத் துண்டில் ஒரு காதைப் பற்றவைத்து எர்த் வயர் கொடுத்த பிறகே வேலை முடிந்தது. இரட்டை முனை சுவிட்ச் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தெர்மோ சுவிட்சுக்கு இணையாக, டாஷ்போர்டின் கீழே கையால் போடும் சுவிட்ச் ஒன்றும், விசிறிக்குக் கரண்ட் போகும்போது எரியும் சிறு விளக்கும் வைத்திருக்கிறேன். இந்த விளக்கைப் போல மன நிம்மதி தந்த பொருள் இந்த வேலையில் வேறு எதுவுமில்லை. கிளாம்ப் மீட்டரில் விசிறி ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுக்கிறது; தொடங்கும் கணத்தில் 20ஐத் தாண்டுகிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்ததால் தாக்குப்பிடிக்கிறது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், விசிறி மூன்றும் ஓட ஐட்லிங்கில் 12.9 வோல்ட் நிற்கிறது. பழைய டைனமோவுடன் இதைச் செய்ய நான் துணிய மாட்டேன்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் சொன்னார்கள். என் கணக்குப் புத்தகத்தில் அப்படியொன்றும் தெரியவில்லை. 60க்கு மேல் கேட்ட அந்தப் பழைய விசிறியின் உறுமல் போனது. தேங்கிய தண்ணீரில் போகும்போது விசிறி நீரை வாரி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் இறைப்பதும் நின்றது. வேளச்சேரிப் பக்கம் அடிக்கடி போகிறவனுக்கு இது சிறிய விஷயமில்லை. மே மாத மதியம் ஆற்காடு சாலையில் முள் 95ஐ ஒட்டியே நிற்கிறது; விளக்கு ஒரு நிமிடம் போல எரிகிறது, அணைகிறது, மீண்டும் எரிகிறது.

இடையில் இரண்டு பழுதுகள் வந்தன. 2023இல் மலிவான ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று ஃப்யூஸ் போகாமலே உருகியது. உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடேறியிருந்தது. 2024 மழைக்குப் பிறகு மோட்டாரின் புஷ்ஷில் கிரீச்சென்ற சத்தம் வரத் தொடங்க, அதே புதுப்பேட்டையில் இரண்டாவது விசிறி ஒன்று வாங்கி மாற்றினேன். சட்டம் தயாராக இருந்ததால் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பழைய இரும்பு விசிறியையும் அதன் நீள போல்ட்டுகள் நான்கையும் தினசரித் தாளில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். மோட்டார் வழியில் நின்றுவிட்டால், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்றே போதும்.